இரண்டாவது பிரேக்

பகலில் நான் நசுங்கியதைப் பார்ப்பவன்.
வண்ணார்பேட்டை ஷெட்டுகளில் குந்தி
பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்து
மாற்றலாம், தட்டி எடுக்கலாம், செல்லாது
என்று எழுதிக்கொடுக்கும் சர்வேயர்.
ரப்பருக்குப் பாதி கழிவு. ஃபைபருக்கு முப்பது சதம்.
கண்ணாடிக்கு மட்டும் கழிவே கிடையாது,
எத்தனை வயதானாலும்.

இரவு, மகாராஜ நகர் வீட்டில்
அலமாரிப் பூட்டைத் திறந்தால்
கீறல் படாத நூற்றிப் பதினேழு வண்டிகள்.
எல்லாம் பதினெட்டில் ஒன்று.
இமைமுடிக் கனத்தில் வைப்பர்.
கதவைச் சிறகாய்த் தூக்கும் பென்ஸ்,
தவளை மூக்கு சிட்ரோயன்,
நகநுனியால் மட்டுமே திறக்க முடிகிற
ஜாகுவாரின் சாம்பல் கிண்ணம்.
ஆடிக்காற்றில் எந்த இடுக்கில் நுழையுமோ செம்மண் தூசி,
ஜெபக்கனியின் பவுடர் பிரஷ்ஷால்
கிரில் கிரில்லாகத் துடைப்பேன்.
"சம்பளத்துல பாதி பொம்மைக்கு" என்பாள்.
பொம்மை இல்லை என்பேன்.
வேறு என்ன என்று அவளும் கேட்டதில்லை,
நானும் யோசித்ததில்லை.

ஐப்பசியில் வந்தது ஃபியட் ஆயிரத்து நூறு.
பால்வெள்ளை. ஒரு சாண் நீளம்.
நம்மூர் பத்மினிக்கு இத்தாலியில் பிறந்த அக்கா.
பெட்டியைப் பிரிக்கவே நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டேன்.

அதே வாரம் ஷெட்டில்
மேலப்பாளையம் செய்யது மசூதின் பத்மினி,
கரையிருப்புப் பாலச்சுவரில் மூஞ்சியைக் கொடுத்துவிட்டு.
ஓட்டியது ஒரு நர்ஸம்மா. அவளுக்குப் பல்லில் மட்டும் அடி.
நான் இடது பக்கம் குனிந்து படமெடுத்தேன்:
பக்கத்து இருக்கையின் காலடியில்
இன்னொரு பிரேக்.
பாலிசியோ சொந்த உபயோகத்துக்கு.
ஓட்டக் கற்றுக்கொடுத்தால் செல்லாது.
நாலு வரியில் முடித்தேன்.
அந்தப் படத்தையும் இணைத்தேன்.

பத்து நாள் கழித்து, மழைவிட்ட சாயங்காலம்
வீட்டு வாசலில் நின்றார்,
கையில் செய்தித்தாளில் சுற்றிய எதுவோ.
பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.
காப்பியைக் குடித்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"நம்ம வண்டில்லா!"

எடுத்துக் கொடுத்தேன்.
யாருக்கும் நான் கொடுப்பதில்லை.
கைக்குட்டையை விரித்து அதில் வாங்கினார்,
செல்போன் வெளிச்சத்தை உள்ளே விட்டு
நிக்காஹ் பேச வந்த வீட்டில் பார்ப்பதுபோல்
மெல்லப் பார்த்தார்.
"ஸ்டீயரிங் எம்பக்கத்துல இருக்கு, சார்.
முப்பத்தோரு வருசம் இந்தப் பக்கமே உக்காந்தவன்,
வளையத்தக் கண்டதில்ல."
சிரித்தார். மறுபடி குனிந்தார்.
"ஆமா, இன்னொரு பிரேக்கு எங்க?"

இதில் ஒன்றுதான் என்றேன்.
"அப்ப இதுல யாரும் படிக்க முடியாதுல்லா" என்று
பூப்போலத் திருப்பி வைத்தார்.
போகும்போது பொட்டலத்தை மேசையில் விட்டார்.
"வண்டியக் காயலானுக்குப் போட்டாச்சு.
இத மட்டும் கழத்திட்டேன்.
நீங்கதான போட்டோ எடுத்தீய."

பெடல்.
மேலே ரப்பர் தேய்ந்து
வலது பெருவிரல் பட்ட இடத்தில்
இரும்பு பளபளக்கிறது.
எத்தனை நூறு பேர் பயந்துபோன நேரத்தில்
அவர் அதை அழுத்தியிருப்பார்,
நர்ஸம்மாவுக்கு மட்டும் அரை நொடி பிந்தி.

கேட்லாக் நோட்டை எடுத்தேன்.
வரிசை எண்: நூற்றிப் பதினெட்டு.
தயாரிப்பு: மேலப்பாளையம் பட்டறை எதுவோ.
அளவு: ஒன்றில் ஒன்று.
நிலை என்ற கட்டத்தில்
ரப்பருக்குப் பாதி கழிவு என்று பழக்கத்தில் எழுதி
அடித்தேன். வேறு எதுவும் எழுதவில்லை.

பென்ஸை நகர்த்தி இடம் செய்ய வேண்டியிருந்தது.
கிரீஸ் வாடை அலமாரி முழுக்க.
ஜெபக்கனி மூக்கைச் சுளித்தாள்,
ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் பஸ்ஸில்
ஜன்னலோரம் இடப்பக்கம் உட்கார்ந்தால்
வளைவு வரும்போது
என் வலது கால்
தரையை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறது.